தாழ்நீர்க் கோடு

என் இரண்டு விரல்கள் போனது வெர்மான்ட்டில்.
அதில் மட்டும் இரு தரப்புக்கும் தகராறில்லை.
வாடகைக்கு எடுத்த மரம் பிளக்கும் எந்திரம்,
தடுப்புத் தகடு கழன்றது,
நவம்பர் கடைசி, பனி விழுமுன் இரண்டு வண்டி மேப்பிள்.
வாடகைக்கு விட்ட கடையும் இந்தக் கரைதான்.

வக்கீல் அந்தக் கரை.
டால்ட்டன் பிக்ஸ்பி, உட்ஸ்வில், நியூ ஹாம்ப்ஷயர்,
அடகுக்கடைக்கு மேல் மாடி.
இரண்டு கரையிலும் வாதாட உரிமம்.
பாலம் கடக்க ஒன்றரை நிமிடம்.
"மூன்று வருஷம் இருக்கிறது, ஆர்டெல், தூங்குங்கள்" என்றார்.
நான் தூங்கினேன். அவரும்.
மூன்று வருஷமும் ஐந்து நாளும் ஆனபின்
மனு போட்டார்.
கெடு கெட்டுவிட்டது.

எந்திரக் கடைக்காரன் வீட்டுக்குப் போனான்.
இப்போது என் வழக்கு பிக்ஸ்பி மேல்.

புது வக்கீல் ரோவேனா ஸ்டெப்பின்ஸ்
மேஜையில் ஒரு பென்சிலைக் கிடத்தினாள். இது ஆறு.
வக்கீல்மேல் வழக்குப்போட
இந்தப் பக்கம் ஆறு வருஷம்,
அந்தப் பக்கம் மூன்று.
நான் வந்தது நான்காவதில்.
பாலத்தின் இந்த முனையில் என் வழக்குக்கு
இன்னும் இரண்டு வருஷ ஆயுள்.
அந்த முனையில்
போன வருஷமே காரியம் முடிந்தாயிற்று.

ஆகவே மூன்று மணி நேரம்
கறுப்பு உடைகள் தேடின:
ஒரு மறதி எந்த ஊரில் நடந்தது?

செய்ததற்கு இடம் உண்டு.
மரத்தூளில் ரத்தம் இருந்தது, நாய் மோந்து பார்த்தது.
செய்யாமல் விட்டதற்கு?
அவர் உட்கார்ந்த நாற்காலி, என்றது அவர் தரப்பு,
நாட்காட்டி தொங்கிய சுவர்.
ரோவேனா எழுந்தாள்:
வராத காகிதம் வராமல் போனது
இந்த நீதிமன்றத்து ஜன்னலுக்குத்தானே, கனம் நீதிபதி அவர்களே.

என்னை யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் என் தபால் பெட்டியைச் சொல்லியிருப்பேன்.
செவ்வாய்க்கிழமை, குழாய் உறைந்த நாள்,
"வருந்துகிறோம்" என்று தொடங்கும் ஒரு பக்கம்.
எட்டு விரலால் உறையைக் கிழிக்க நேரமாகும்.

அதற்கும் முன்னால் ஒரு வாசல் இருந்தது:
அவரை இங்கே இழுக்கவே இந்தக் கோர்ட்டுக்கு அதிகாரமுண்டா?
தொழிலுக்காக நான் ஆற்றைத் தாண்டியதே இல்லை
என்று சத்தியம் செய்திருந்தார் பிக்ஸ்பி.
ரோவேனா பையிலிருந்து எடுத்தாள்
பெர்லி சாப்பாட்டுக் கடையின் தட்டுக் காகிதம்.
புகைபோக்கி துடைப்பவனுக்கும்
கழிவுத்தொட்டி இறைப்பவனுக்கும் நடுவே
சிரித்த முகம்: "காயமா? கூப்பிடுங்கள்!"
மீசையில் சிரப் கறை.
சான்று எண் ஏழு.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
பதினோரு வருஷமாக
தினமும் இந்தக் கரையின் காலை உணவுக்கு
வந்துகொண்டிருந்திருக்கிறார், என்றார்.
அதிகாரம் உண்டு.
எந்தச் சட்டம் என்பது பிறகு.

பிறகு என்றால் எப்போது?
சிரித்தாள் ரோவேனா. அதுவும் ஜெயித்தால்
நடக்காத அந்த எந்திர வழக்கை
நடந்ததுபோல் நடத்திக் காட்ட வேண்டுமாம்,
அதிலும் ஜெயிக்க வேண்டுமாம்.
அப்புறம்தான் பிக்ஸ்பி.

ஏப்ரலில் ஆற்றங்கரைக்குப் போனேன்.
ஆறு முழுக்க நியூ ஹாம்ப்ஷயருடையது.
எல்லை நடுவில் இல்லை, எங்கள் பக்கம்,
நீர் மிகத் தாழும்போது நனையும் கடைசிக் கல்.
பனி உருகி, கோடு எங்கோ அடியில்.
ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பார்கள்.
நின்று பார்த்தேன்.
இரண்டு காலும் ஒரே மாதிரிதான் விறைத்தன.

திரும்பும் வழியில் பெர்லி கடை.
தட்டின் கீழே புதுக் காகிதம்.
பிக்ஸ்பி இருந்த கட்டத்தில்
காது கேட்கும் கருவி விளம்பரம், வேறொரு சிரிப்பு.
கறை படுமுன் உருவி
நாலாய் மடித்துப் பையில் வைத்தேன்.
எதற்கும் இருக்கட்டும்.